நூற்று முப்பதுக்கு எண்பது

அப்பாவின் தலைக்கு ஊற்ற வெண்ணிலா குடத்தைத் தூக்கியபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. செம்மநத்தத்தில் அவர்கள் வீட்டுப் புறக்கடைப் பலாமரத்தடியில்தான் சிக்னல் எடுக்கும். குளிப்பாட்டும் பெஞ்சையும் அங்கேதான் போட்டிருந்தார்கள்.

"கண்ணு, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. சீக்கிரம் சொல்லு, மாசக் கடைசி, மேல இருக்கறவங்க உசுர வாங்கறாங்க."

சுகாதாரப் பணியாளர் சரஸ்வதி.

"யாருக்குங்க்கா?"

"உங்கப்பனுக்குத்தான். பிரஷர் பார்த்ததா ஏத்தோணும்."

"அப்பா விடியக்காலம் செத்துட்டாருங்க."

சரஸ்வதி போனை வைத்துவிட்டாள்.

எட்டு மாதமாக இதே கூத்துதான். வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்க வேண்டும். பார்த்ததற்குச் சாட்சியாக வீட்டுப் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டுப் பதிய வேண்டும். சரஸ்வதி வந்ததேயில்லை, போன்தான் வரும். பாவம், அக்கா இந்த மேட்டில் எப்படி ஏறி வருவாள் என்று வெண்ணிலாவும் எண்ணைச் சொல்லிவிடுவாள். அப்பா மாதப்பனின் கையை ஒருவரும் தொடாமலே அவருடைய பிரஷர் மாதாமாதம் நூற்று முப்பதுக்கு எண்பது. ஊரிலேயே ஆரோக்கியமான ஆள் அவர்தான், போனுக்குள்.

போன வியாழக்கிழமை காப்பிச் செடிக்குக் கவாத்து செய்யப் போனவர் தலை சுற்றுகிறது, இடது கை மரத்துப்போகிறது என்று பாதியில் திரும்பினார். பஸ் போய்விட்டது. வெண்ணிலா இதே மரத்தடியில் அவரை உட்காரவைத்து அரசாங்க டாக்டருக்கு வீடியோ கால் போட்டாள். எங்கோ ஓர் அறையில் இருந்த சின்ன வயது டாக்டர், அப்பாவின் முகத்தைப் பார்த்ததைவிடத் திரையில் இருந்த பதிவைப் பார்த்ததுதான் அதிகம்.

"மாசாமாசம் செக் பண்ணியிருக்காங்களே. பிரஷர் நல்லாத்தான் இருக்கு. தலைசுத்தலுக்கு மாத்திரை எழுதறேன்."

அது பொய்ங்க என்று சொல்ல வெண்ணிலா வாயைத் திறந்தாள். சொன்னால், எண்ணைக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டாள். அந்த வாயை இப்போது கிழித்துப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

மதியம் சரஸ்வதி மாலையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். மாலையைப் போட்டுவிட்டு, "கண்ணு" என்று கட்டிக்கொள்ள வந்தவளின் கையை வெண்ணிலா தட்டிவிட்டாள்.

"மெஷின் பையில இருக்குதுங்களா?"

"எதுக்கு சாமி?"

"எடுங்க."

எடுத்தாள். திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"ஏனுங்க, இதை ஒருத்தருக்காச்சும் கட்டியிருக்கீங்களா?"

"நானூறு ஊடு கண்ணு, ஒத்த ஆளு. ஏத்தலீன்னா நிறுத்திருவாங்க." சரஸ்வதி குரலைத் தணித்தாள். "நீயுந்தான நம்பர் சொன்ன?"

ஒப்பாரி நின்றிருந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் இந்தப் பக்கமே பார்த்தார்கள். மகள் எண் சொன்ன விஷயம் அம்மா அத்தாயிக்குத் தெரியாது. இல்லை என்று சொன்னால் இப்போதும் நம்பிவிடுவாள்.

"ஆமாங்க" என்று வெண்ணிலா கத்தினாள். "நாந்தான் சொன்னேன். எட்டு மாசமும் நாந்தான் சொன்னேன். டாக்டர் கேக்கையில வாயத் தொறக்காம நின்னதும் நாந்தான். கட்டுங்க, இப்பவாச்சும் எங்கப்பனுக்குக் கட்டிப் பாருங்க!"

"எழவு ஊட்டுல என்ன பேச்சு இது" என்று யாரோ அதட்டினார்கள். சரஸ்வதி அழுதுகொண்டு நின்றாள்.

அத்தாயி எழுந்தாள். மகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மாதப்பனின் தலைமாட்டில் குனிந்து, புதுச்சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள்.

சரஸ்வதி விறைத்த கையில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தினாள். மெஷின் உறுமிக் காற்றடைத்து, சீறிக்கொண்டு இறங்கியது. எண் எதுவும் விழவில்லை.

அது தானாகவே மறுபடியும், முன்னைவிட இறுக்கமாக, காற்றடைக்கத் தொடங்கியது.