ஒரு ஆள் வரலாமாம்

புதன்கிழமைகளில் நடுநிலைப்பள்ளியான கொலேஜ் மத்தியானத்தோடு முடிந்துவிடும். பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் அப்பா சமைக்கிற சாப்பாட்டுக்கடையின் மூலை மேசையில் சரித்திரப் புத்தகத்தை விரித்துக்கொண்டு பேர்ளி இருந்தாள். ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவை வாரிக்கொண்டு போன கொள்ளைநோயைப் பற்றி நாளைக்கு வகுப்பில் அவள் பேச வேண்டும். எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிற பெண், இன்றைக்கு என்ன நினைத்தாளோ, தமிழில் சொல்லிப் பார்த்தாள். அப்பா மடுத்தீனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. குசினி வாசலில் வெங்காயம் வெட்டியபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"கப்பலிலை மார்செய்க்கு வந்த நோய், அப்பா. ஒரு வருசம் போகமுந்திப் பாரிசுக்கும் வந்திட்டுது. சனம் சரியாப் பயந்திட்டுது. வருத்தம் வந்த ஆக்களுக்குக் கிட்டப் போகேல்லை. புருசன்மார் பொஞ்சாதியை விட்டிட்டு ஓடினவையாம்."

முன்னால் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்த, கடையில் கூட வேலை செய்கிற அலெக்சிஸ் உச்சுக்கொட்டினான். "உன்ரை அம்மா, எங்கடை இம்மாகுலேற் அக்காவும் தனியத்தானே செத்துப்போனவ. ஆஸ்பத்திரிக்காரர் ஒருத்தரையும் உள்ளுக்கை விடேல்லை. என்ன மடுத்தீன் அண்ணை?"

மடுத்தீனின் கத்தி நின்றது.

கொரோனா வந்த அந்தச் சித்திரை மாதம், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது பேர்ளிக்கு எட்டு வயது. வீட்டுக்கு வருகிற கடிதம், போன் எல்லாவற்றுக்கும் அவள்தான் மொழிபெயர்ப்பாளர். "அம்மாக்குக் கடுமையாம். ஒரு ஆள் வரலாமாம். இண்டைக்கே வரட்டாம்" என்றாள். அவர்கள் இருந்த பொண்டிப் புறநகரில் அந்தக் கிழமை மட்டும் அதே நோயில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் செத்திருந்தார்கள். "அப்பாக்கும் காய்ச்சல், வரேலாது எண்டு சொல்லு" என்றான். காய்ச்சலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பிள்ளை அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, பிரெஞ்சில் அப்படியே சொன்னது. விடியுமுன் மனைவி போய்விட்டாள். பாதருக்கு, சொந்தபந்தங்களுக்கு, மன்னாரில் இருக்கிற மாமியாருக்கு, எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் உள்ளே விடவில்லை என்றே சொன்னான். ஐந்து வருடமாக அவளுடைய ஒவ்வொரு ஆண்டு நினைவுத் திருப்பலியிலும் வாய்கூசாமல் சொல்லி வருகிறான். பிள்ளை மறந்திருக்கும் என்று நம்பியிருந்தான்.

பேர்ளி புத்தகத்திலிருந்து தலையை எடுத்து அவனைப் பார்த்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். அவன் குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

"ஓம் மாமா," என்றாள் அலெக்சிஸிடம். "விடேல்லை. நான்தானே போனிலை கதைச்சனான்."

இந்தமுறை அவளைப் பொய் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மடுத்தீன் வெட்கத்தில் கூனிக்குறுகிப்போனான். கையைக் கழுவிவிட்டுப் போய், அவளுடைய தலையைத் தடவக் கை நீட்டினான். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் நிமிரவில்லை. புத்தகத்தை மட்டும் நனையாமல் அங்கால் இழுத்து வைத்தாள்.