முதல் ஒருவர் மட்டும்

எங்கள் அலுவலகக் குடியிருப்பில் ஒரு வீடு காலியானது. அதை யாருக்கு ஒதுக்குவது என்பதைக் கணினிதான் தீர்மானிக்கும். விண்ணப்பித்த தேதிப்படி அனைவரையும் வரிசைப்படுத்தி, முதல் ஒருவரை மட்டும் காட்டுமாறு அதற்குக் கட்டளை.

நானும் என் சகலையும் ஒரே அலுவலகத்தினர். ஒரே தேதியில் விண்ணப்பித்தவர்கள். நாங்கள் மாடியிலும் அவர்கள் கீழேயுமாக வாடகைக்கு இருந்த வீட்டை இடிக்கப்போவதாக அதன் உரிமையாளர் சொல்லிவிட்டார். ஆகையால் இந்த வீடு கிடைக்காதவர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

திங்களன்று என் பெயர் வந்தது. குடியேறினோம். மறுநாள் நிர்வாக அதிகாரி மீண்டும் திரையைப் பார்த்தபோது சகலையின் பெயர் இருந்தது. திரை சொல்வதே ஆணை என்று கூறி, சாவியை அவரிடம் தந்துதவுமாறு என்னை மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டார். அடுத்து மறுபடியும் நான். பிறகு மறுபடியும் அவர். சாமான் ஏற்றிய வண்டிக்காரர் ஒருநாள் பொறுமையிழந்தார்.

"ரெண்டு பீரோவும் வண்டியிலயே இருக்கட்டும் சார். பேர் வந்ததும் கூப்பிடுங்க."

கணினிக்கு நிரல் எழுதிய இளைஞரை அழைத்தோம். தேதி சமமானால் யாரை முன்னால் நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் கைக்கு அகப்பட்டவரை அது காட்டுகிறது என்றார். இரண்டாவதாக எதை வைத்து அடுக்கட்டும் என்றும் பணிவுடன் வினவினார். நான் வயதை முன்மொழிந்தேன், மூத்தவன் நான்தான். சகலை உயரத்தை முன்மொழிந்தார், அவர் பனைமரம். இரண்டுக்குமே விதியில் இடமில்லை என்று அதிகாரி வருந்தினார்.

என் மனைவியோடு வந்திருந்த கொழுந்தியாள் இளைஞரிடம் திரும்பினாள்.

"அடுக்கறதை விடுங்க தம்பி. ஒருத்தர்னு போட்டிருக்கீங்கல்ல, அதை ரெண்டுன்னு மாத்துங்க."

"ஒரே ஒரு சமையலறைடி" என்றாள் என் மனைவி.

"தெருவுல அதுகூடக் கிடையாதுக்கா."

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வீடு ஒன்று என்றுதான் அதில் இருந்ததே தவிர, ஆள் ஒருவர் என்று எங்கும் இல்லை. இளைஞர் எண்ணை மாற்றினார். இரு பெயர்களும் வந்தன. அதிகாரி இன்னொரு சாவி செய்யச் சொன்னார்.

இப்போது எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம். ஆனால் இரண்டில் எந்தப் பெயர் மேலே வரும் என்பது மட்டும் இன்றும் நிச்சயமில்லை. குளியலறையும் ஒன்றுதான். எனவே காலையில் கண் விழித்ததும் அதிகாரிக்குத் தொலைபேசியில் வணக்கம் சொல்லி விசாரிக்கிறோம். அவரும் சலிக்காமல் திரையைப் பார்த்துச் சொல்கிறார்.

இன்று சகலை மேலே. அவர் உள்ளே பாடிக்கொண்டிருக்கிறார். நான் துண்டோடு வெளியே நிற்கிறேன்.