இரண்டாவது பிக்கப்

ஒலிபெருக்கிப் பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டுபோய், கட்டில் காலில் முட்டும்படி நிறுத்தினான் சிவனேசன்.

"கட்டில ஒடச்சிராதடா, மனுசன் படுத்திருக்காரு" என்றாள் அம்மா பாலம்மா, கஞ்சிக் கோப்பையைப் பிடித்தபடி.

கட்டிலில் கிடந்த அப்பா கறுப்பையாவை முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் பெயர் வெட்டி, துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். தெல்தோட்டைத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து சுருட்டும் ரோலர் மெசின் இரைச்சலோடு காலம் தள்ளியதில் காது எப்போதோ அடைத்துப்போயிற்று. முகத்துக்கு நேரே கத்தினால்தான் விளங்கும். மகன் குண்டசாலையில் மரத் தளபாடப் பட்டறையில் வேலை செய்கிறான், கல்யாண வீடுகளில் பேஸ் கிட்டார் அடிக்கிறான் என்று தெரியும். அடித்ததைக் கேட்டதில்லை. "ஊமைப் படம்டா ஒன் கச்சேரி" என்று கேலி செய்வார்.

பட்டறையில் மிஞ்சிய பலாக்கட்டையில் சிவனேசன் தானே செதுக்கிய கிட்டார் இது. கம்பியின் அதிர்வைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்பும் பிக்கப்புகள் மட்டும், இரண்டு பழைய கிட்டார்களிலிருந்து கழற்றியவை. கழுத்தோரம் பதித்தது கனத்துப் பேசும். கீழே பதித்தது கூர்மையாக, விரல் விரலாகப் பிரித்துச் சொல்லும். இரண்டும் கலந்தால்தான் தன் மனதில் இருக்கிற சத்தம் வரும் என்பது அவன் கணக்கு.

முதலில் கழுத்துப் பிக்கப்பை மட்டும் திறந்து, தடித்த கம்பியை அடித்தான். கட்டில் சட்டத்தில் கிடந்த அப்பாவின் விரல்கள், மரத்தில் ஏறிய அதிர்வில் விரிந்தன.

"ஏய், இடிக்குதுடா!" சிரித்தே விட்டார். "ரோலர் ஓடுறாப்புல இருக்கு. அடி, அடி."

"இது பாதிதாம்பா! முழுசாக் கேளுங்க!"

இரண்டாவதையும் திறந்தான். சத்தம் பெருகவில்லை. அடிக்கனம் கழன்று தகரம்போல் மெலிந்தது. அப்பா கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "நிப்பாட்டிட்டியா?"

கண்டியில் ரேடியோ திருத்துகிற முனாபுக்குப் போன் போட்டு விசயத்தைச் சொன்னான்.

"வேற வேற கிட்டார்ல கழட்டினதுதானே மச்சான்? ஒன்டு தள்ளக்கொள்ள மத்தது இழுக்கும். ஏதாச்சும் ஒன்டுட ரெண்டு வயரயும் மட்டும் இடம் மாத்தி ஒட்டு. இப்ப என்னடா அவசரம்?"

"அப்பாவுக்குடா."

"அப்ப மேல உள்ளத மட்டும் வச்சி அடியேன்டா."

"முழுசாக் காட்டணும் மச்சான்."

"மொதல்ல அடிச்சத அடிடா" என்றார் அப்பா கட்டிலிலிருந்து.

"இந்தா வந்துர்றேம்பா!" கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனான்.

ஈயம் ஒட்டும் இரும்பு சூடேறத் தாமதித்தது. வயர் குட்டையாக அறுந்தது. மறுபடி சீவினான். ஒரு முனையை ஒட்டி நிமிர்ந்தபோது அம்மா வாசற்படியில் நின்றாள். உள்ளே வந்து கஞ்சிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். அவன் இரும்பைக் கீழே வைத்தான்.

மறுநாள் மண் போட்டு வந்து, குளித்து, சனம் கலைந்த பிறகு அம்மா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சட்டத்துல வச்ச கைய எடுக்கவே இல்லடா. இந்தா வருது, இந்தா வருதுன்னு காத்துக்கிட்டே இருந்தாரு. அத முடிச்சிட்டியா?"

"இன்னும் ஒரு ஒட்டும்மா."

"முடி. அவருக்குன்னு எடுத்த வேல அரைகொறையாக் கெடக்க வேணாம்."

"சாவு வீட்டுலயா? ஊரு பேசும்."

"பேசட்டும்."

ஒட்டினான். பெட்டியில் மாட்டி இரண்டையும் திறந்து அடித்தான். தரை அதிர்ந்தது. கனமும் கூர்மையும் ஒன்றாகப் புரண்டு வந்தன. அவன் மனதில் இருந்த அதே சத்தம்.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. அவருக்கு மொதல்ல அடிச்சதும் இதுதான?"

சிவனேசன் பெட்டியின் சுவிட்சை அணைத்தான்.

"ஆமாம்மா."

அவள் அடுப்பங்கரைக்குப் போனாள். மேசையில் சிந்தி உறைந்திருந்த ஈயத் துளிகளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, உள்ளங்கையில் சேர்க்கத் தொடங்கினாள்.