குழாய் கட்டிய சாயங்காலம்

கண்மாய்க் கரை வேம்பின் கவட்டையில் உட்கார்ந்து ஒலிபெருக்கிக் குழாயைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான் மாரிசாமி. அதன் வாய் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் பாட்டு பருத்திக்காட்டுக்குத்தான் கேட்கும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, சாவு என்று இருபது வருடமாக ஊர் ஊராக மைக் செட் கட்டுகிறவன். இன்றைக்கு என்னவோ முடிச்சு விழ மாட்டேன் என்றது.

மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பி ஒன்பது நாள் ஆயிற்று. அம்மா பத்திரகாளிக்கு இப்போது பால்கூட இறங்கவில்லை. காலையில் டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தான். கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தாள்.

"பக்கத்துல வச்சா பாட்டாவாலே இருக்கு? எரைச்சலு. தூரத்துல இருந்து வரணும்."

அவள் பாட்டுக் கேட்டு வளர்ந்தது அப்படி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் சரம் பின்னினாள். கம்பெனிக்குள் ரேடியோ கூடாது. எங்கேயோ ஓர் ஊரில் கொடைக்குக் கட்டிய குழாய்ச் சத்தம், பொட்டலைத் தாண்டிக் காற்றோடு வந்தால் உண்டு. காற்று திரும்பினால் பாதிப் பாட்டு போச்சு. மீதியை அவளே பாடி முடிப்பாள். மாரிசாமி சிறு பிள்ளையாக இருக்கையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்தக் கரையில் வந்து நிற்பாள். பாட்டு முடிகிற வரை தாயும் பிள்ளையும் வாய் திறக்க மாட்டார்கள். அவன் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு வேறு காரணம் கிடையாது. ஊரில் கேட்டால் பிழைப்பு என்று சொல்லிவைப்பான்.

மோட்டார் ரூமிலிருந்து கரண்டு இழுத்து, கேசட்டைப் போட்டுவிட்டு, எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வீட்டுக்கு ஓடினான். அதே நேரம் பார்த்துப் பட்டாசுக் கம்பெனி வேனும் ஊருக்குள் நுழைந்தது.

வேனில் இருந்த பெண்கள் குழாயைப் பார்த்துவிட்டார்கள். பத்திரகாளி இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், மகன் குழாய் கட்டியிருக்கிறான் என்றால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குழாயில் பழைய ஜோடிப் பாட்டு ஓடுகிறதே என்று ஒருத்தியாவது யோசிக்க வேண்டுமே! வெடிமருந்து அப்பிய கையோடு மாரில் அடித்துக்கொண்டு பதினோரு பேரும் வீட்டுக்குள் வந்து விழுந்தார்கள். முன்னால் வந்தவள் அத்தை மூக்கம்மாள்.

"ஏ மதினி, எங்கள விட்டுப் போயிட்டீகளே!"

"அத்த, அம்மா இருக்கா! உசுரோட இருக்கா!" என்று மாரிசாமி குறுக்கே விழுந்து கத்தினான். யார் காதில் விழும்?

கட்டிலில் இருந்து ஒரு கை மெல்ல எழுந்தது.

"அளுகாதீகடி... பாட்டு கேக்கல."

ஒப்பாரி அப்படியே நின்றது. மூக்கம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, அது இருமலாகப் போயிற்று.

"வந்தது வந்தீக, இருந்து கேட்டுட்டுப் போங்க," என்றாள் பத்திரகாளி. பிறகு மகனிடம், "நீ எதுக்கு இங்கன நிக்க? கேசட்டு நின்டுறப் போவுது. போலே."

மாரிசாமி போனான். சாயங்காலம் கரண்டு ஏறி இறங்கும், ஆம்ப்ளிபயர் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். மோட்டார் ரூம் வாசலில் குத்தவைத்து, கேசட்டைச் சுற்றி முதலில் இருந்து போட்டான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் காதை வீட்டுப் பக்கம் வைத்தான். அழுகைச் சத்தம் இல்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்றவள் சாகக் கிடக்கையில் இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. கேசட்டின் ஒரு பக்கத்தில் ஆறு பாட்டு. ஆறும் ஓடி முடிந்தபின் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

பதினோரு பேரும் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மூக்கம்மாள் வாயில் திணித்திருந்த சேலைத் தலைப்பை எடுத்தாள்.

"அளுகக் கூடாதுன்னுட்டாகள்ல. அதான் பாட்டு முடியட்டும்னு இருந்தோம்."

"எத்தன பாட்டு கேட்டா அத்த?"

"மூணு கேட்டாக."

மூக்கம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி அளுகலாமா, மாரி?"

மாரிசாமி கரைப் பக்கம் திரும்பினான்.

"இன்னொரு பக்கம் இருக்கு அத்த."

மூக்கம்மாள் சேலைத் தலைப்பை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள்.