ஐந்தாம் ரீல்

மரியஜோசப்புக்கு வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. ஒரு ரீலுக்கு இரண்டாயிரம் சுற்று. மூன்று நாளில் மூன்று எஸ்டேட். புரொஜெக்டர் கைப்பிடியைச் சுற்றுகிறவனுக்கு நாளாக ஆகத் தோள் கல்லாகிவிடும் என்று ஈப்போவில் எவனோ சொன்னது பொய். கல்லுக்கு வலிக்காது.

லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து சூடு பண்ணிய நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"தேச்சது போதும்லா, சட்டையப் போடு," என்றான் ஆம்புரோஸ். திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நின்று ஊமைப் படத்துக்குத் தமிழில் கதை சொல்வது அவன் வேலை. "இன்னிக்கும் ஓட்டப் படம்தானே. சும்மா வேகமா சுத்திட்டுப் போ."

"ஓட்டப் படம் இல்ல மச்சான். ஜெர்மன் படம். மத்தியானம் முதலாளிகிட்ட கேக்கப்போறேன்."

ஆம்புரோஸ் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினான். "அந்த அழுமூஞ்சிப் படமா? அதுக்கு நான் என்னத்தச் சொல்றது? அதுல எவனும் எவளையும் தூக்கிட்டு ஓடலியே."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும்."

மரியஜோசப் பதினாறு வயதுவரை பால்மரம் வெட்டியவன். ஈப்போ சிலிபினில் சதாசிவத்தின் சினிமா லாரியில் ஏறி ஆறு வருஷமாகிறது. கைப்பிடியைச் சுற்றுகிறவன் ஒரு படத்தை ஐம்பது தடவை பார்ப்பான். ஐம்பது தடவை பார்த்தபிறகும் ஒரு படம் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை என்றால் அவன் மாட்டு வண்டி ஓட்டப் போகலாம் என்பது மரியஜோசப்பின் கட்சி. அமெரிக்காக்காரன் ஓடுவதற்கென்றே படம் எடுக்கிறான், ஓடி முடித்தால் முத்தம் கொடுக்கிறான். இத்தாலிக்காரனுக்கு ஆயிரம் பேரும் பத்து யானையும் இல்லாமல் ஆகாது. யானையை நாம் பார்க்காததா? பிரெஞ்சுக்காரன் வெளிச்சம் தெரிந்தவன், ஜன்னல் திரை ஆடுவதைக்கூடப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவன் படத்தில் ஒருத்தனும் வேலைக்குப் போவதில்லை. ஜெர்மன்காரன் ஒருத்தன்தான் மனுஷன் களைத்து உட்காருவதைக் காட்டுவான். அதுவும் முதுகை மட்டும். அந்த முதுகைப் பார்த்தால் அவன் இன்றைக்குச் சாப்பிடவில்லை என்று தெரியும்.

பினாங்கிலிருந்து வாடகைக்கு வந்த பெட்டிகளோடு இந்தப் படமும் வந்திருந்தது. ஒரு எஸ்டேட்டிலும் போடாமல் சதாசிவம் ஒதுக்கி வைத்திருந்தார். மறுநாள் காலை ரயிலில் அது திரும்பிப் போக வேண்டும். கோப்பெங்குக்கு வெளியே இருந்த இந்தத் தோட்டம்தான் கடைசி இடம். மத்தியானம் மரியஜோசப், இன்றைக்கு அதைப் போடலாமா என்று அவரிடம் நேராகவே கேட்டுவிட்டான்.

"சனம் எழுந்து போயிரும்யா," என்றார் சதாசிவம்.

"ஒரு ஆள் எழும்பினாலும் நான் கைப்பிடிய விட்டுர்றேன் முதலாளி. மறுபடி பால்வெட்டுக்கே போயிர்றேன். கதைக்காரன் வேணாம். ஒரு வார்த்தை வேணாம்."

"பேச்சு மாறக்கூடாது."

"மாறாது."

அவர் ஆம்புரோஸைப் பார்த்தார். "நீதான் சாட்சி." ஆம்புரோஸ் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

ஏழு மணிக்குப் பெரட்டுக் களம் நிறைந்துவிட்டது. விடிகாலையில் பேர் கூப்பிடும்போது நிற்கிற அதே வரிசையில்தான் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கம். முன்னால் நாற்காலியில், பேர் கூப்பிடுகிற கங்காணி சன்னாசி, காலுக்கு நடுவில் பிரம்பு.

மரியஜோசப் கைப்பிடியைப் பிடித்தான். அமெரிக்கப் படத்துக்குச் சுற்றுவதுபோலச் சுற்றினால் இந்தப் படம் செத்துவிடும். மூச்சு விடுகிற கணக்கில் சுற்றினான்.

ஒரு கிழவன். ஒரு சத்திரத்துக்குத் தண்ணீர் சுமக்கிறவன். தோளில் நீளக் கட்டை, இரண்டு பக்கமும் வாளி. தரையெல்லாம் பனி. மரம், கூரை, வேலி எல்லாம் வெள்ளை. அவன் நடக்கிறான். நடப்பதை மட்டுமே அரை ரீல் எடுத்திருந்தார்கள்.

களத்தில் சத்தமே இல்லை. ஆம்புரோஸ் முக்காலியில் உட்கார்ந்து, எவன் முதலில் எழுந்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் ரீலில் கிழவன் வழுக்கி விழுந்தான். வாளிகள் கவிழ்ந்தன.

"பால் பூராவும் போச்சுடி," என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

மரியஜோசப்பின் கை ஒரு சுற்றுத் தடுமாறிற்று. பாலா? பிறகுதான் விளங்கியது. இந்தக் களத்தில் ஒருவரும் சீமைப் பனியைப் பார்த்ததில்லை. காண்டாக்கம்பும் இரண்டு வாளியும் அவர்கள் தினமும் தோளில் சுமப்பது. வாளியோடு ஒருத்தன் விழுந்து, தரையும் வெள்ளையாகக் கிடந்தால் அது பால்தான். ரப்பர் பால். வேறென்ன?

"எம்மாம் பாலு. எத்தன நாளா கொட்டியிருப்பான் பாவி."

"மலங்காடா இருக்கும்லா. நம்ம பத்தாம் நம்பர் காடு மாதிரி வழுக்கும்."

"பேர வெட்டப்போறான் பாரு. வேல போச்சு."

மூன்றாம் ரீலில் கம்பளிக் கோட்டுப் போட்ட சத்திரக்காரன் வந்தான், வாசலைக் காட்டிக் கையை நீட்டினான். கிழவன் வாசலைத் தாண்டி வெளியே போனான். களம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "நம்ம ராமையா அண்ணன் மாதிரியே." சொன்ன வாயை யாரோ பொத்தினார்கள். ஆனால் பேர் வெளியே வந்துவிட்டது. வரிசை வரிசையாகத் தலைகள் கங்காணியின் நாற்காலியைப் பார்த்துத் திரும்பின.

நான்காம் ரீலில் கிழவனின் பெண்டாட்டி அந்தக் கட்டையைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சத்திர வாசலில் போய் நின்றாள். சத்திரக்காரன் கையைத் தூக்கினான். அடிக்கவா, கூப்பிடவா? ரீல் முடிந்தது. திரை வெளுத்தது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மரியஜோசப் லாந்தரை ஏற்றி ஐந்தாம் ரீலை மாட்டும்போது பிரம்பு ஒன்று கைப்பிடிக்குக் குறுக்கே வந்தது.

"யார்டா சொல்லிக் குடுத்தது?" என்றான் சன்னாசி.

"எத?"

"ராமையா விழுந்தது ரெண்டு வாரம் முந்தி. நான் பேர வெட்டுனது மறுநாள். அதுக்குள்ள படம் புடிச்சிட்டு வந்து என் முன்னாலயே போடுறீங்களா? யாரு, அவன் பொண்டாட்டியா சொன்னது?"

மரியஜோசப்புக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "கங்காணியாரே, இது ஜெர்மனில எடுத்தது."

"ஜெர்மனில பால்மரம் ஏதுடா? நான் என்ன மடையனா?"

ஆம்புரோஸ் ஓடி வந்தான். நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு இது ஆனந்தமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் வந்தான். "பெரியவரே, அது பால் இல்ல. பனி. சீமையில மானத்துலேருந்து விழும். ஐஸு மாதிரி, தரையெல்லாம் வெள்ளையா."

"நீ பேசாத. போன தடவ குதுர ஓட்டுற வெள்ளைக்காரியப் பாத்து இவதான் அல்லி ராணின்னு சொன்னவன் நீ."

ஆம்புரோஸ் அப்படிச் சொன்னது உண்மைதான்.

சன்னாசி ஜனங்கள் பக்கம் திரும்பி, "காலையில பெரட்டு இருக்கு, போங்க," என்றான். போனார்கள். மெதுவாக, திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இனி இந்த லாரி தோட்டத்துக்குள் நுழையக் கூடாது என்று சதாசிவத்திடமும் சொல்லிவிட்டான்.

சாமான்களை ஏற்றும்போது சதாசிவம் மரியஜோசப்பின் பக்கத்தில் வந்து நின்றார். "படம் ஓடுறப்ப எவனும் எழும்பல. அது உண்ம. நல்ல எஸ்டேட் ஒண்ணு போச்சு. அதுவும் உண்ம. கைப்பிடி உன்கிட்டயே இருக்கட்டும்." சொல்லிவிட்டு முன்சீட்டுக்குப் போய்விட்டார்.

"ஆனா நீ தோத்துட்ட மச்சான்," என்றான் ஆம்புரோஸ். "ஜெர்மன்காரன் பனின்னு எடுத்தான். இவங்க பால்னு பாத்தாங்க. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த வம்பே இல்ல."

"அவன் ஒருத்தன் விழுந்ததத்தான் எடுத்தான். இவங்களும் விழுந்ததத்தான் பாத்தாங்க. பனியோ பாலோ, அது தரையிலதான கெடக்கு. நீ சொல்லியிருந்தா அல்லி வந்திருப்பா."

ஆம்புரோஸ் சிரித்துவிட்டான்.

அப்போதுதான் லாரிக்குப் பின்னால் ஒருத்தி நிற்பதைப் பார்த்தார்கள். முப்பது வயதிருக்கும். தோளில் காண்டாக்கம்பு அழுத்திய தழும்பு.

"நான் ராமையா வீட்டுக்காரி, செல்லாயி. அவரு முட்டி வீங்கிக் கெடக்காரு. நாளைக்கி அவரு கம்பத் தூக்கிட்டுப் பெரட்டுல நிக்கலாம்னு இருக்கேன்." லாரியில் இருந்த ரீல் டப்பாக்களைப் பார்த்தாள். "அந்தப் பொம்பளைக்கு வேல குடுத்தானா அண்ணே?"

மரியஜோசப் சிலிபினில் அந்த ரீலை மூன்று தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறான். "அது வந்து தங்கச்சி, அந்தச் சத்திரக்காரன்..."

"சொல்லாதீங்க."

"ஏன்?"

"வாயால சொல்றதுன்னா கங்காணிகூட நெறய சொல்லியிருக்காரு. இந்த அண்ணனும் அல்லி கத சொன்னவருதான். நீங்கதான் இன்னிக்கி ஒண்ணும் சொல்லாம காட்டுனீங்க. மீதியையும் காட்டுங்க. பாத்துக்கறேன்."

அவன் ஆம்புரோஸைப் பார்த்தான். ஆம்புரோஸ் வேறு பக்கம் பார்த்தான்.

"காட்டுறேன்," என்றான் மரியஜோசப்.

அவள் தலையாட்டிவிட்டு லயத்து வீடுகளைப் பார்த்து நடந்தாள். லாரி கிளம்பியது. அவன் மடியில் ஐந்தாம் ரீலின் தகர டப்பா இருந்தது. காலை ஆறு மணி ரயிலில் அது பினாங்கு போய்விடும்.

போயிற்று. நாலு ரீல் பார்த்த செல்லாயிக்கு மரியஜோசப் ஒரு ரீல் கடன்பட்டிருக்கிறான். இன்னும் தரவில்லை.