இடது காலுக்கு வேலையில்லை

ஊரில் அவருக்குப் பெயர் கிளட்ச் மாஸ்டர். இருபத்தேழு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். "கிளட்ச்சை மிதி! கிளட்ச்சை மிதி!" என்று அவர் போடும் சத்தத்தில் தெருவில் நடந்து போகிறவர்கள்கூட இடது காலை அழுத்தி வைப்பார்கள். பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர், மனைவிக்கு மட்டும் கற்றுத்தரவில்லை. வீட்டுச் சண்டையை ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டாமே என்பார்.

பிரசவ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த மனைவி ஓய்வு நாளுக்காகக் காத்திருந்தார். ஓய்வுபெற்ற மறுமாதமே எதிர்த்தெருப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, மின்சாரக் கார் ஒன்றையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"கடலோரமா நாலு ஊரு போயிட்டு வரலாம்னு இருக்கேன். வர்றீங்களா?"

"கிளட்ச் இல்லாத வண்டில மனுஷன் ஏறுவானா?" என்றவர், மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தார்.

பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இதில் இல்லை. ஆனால் கால் கேட்குமா? எதிரே சைக்கிள் வந்தால் மிதித்தார், காக்கை பறந்தாலும் மிதித்தார். முதல் ஊர் வருவதற்குள் காலடி விரிப்பு சுருண்டு மூலைக்குப் போய்விட்டது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

"லாரிம்மா... லாரி... லாரி!"

"தெரியுதுங்க. மூச்சை நல்லா இழுத்து, மெதுவா விடுங்க."

எத்தனையோ தாய்மார்களை வழிக்குக் கொண்டுவந்த குரல். மாஸ்டரும் இழுத்து விட்டார். விட்ட பிறகுதான் கோபம் வந்தது.

இரண்டாவது ஊரில் ஸ்டியரிங்கைத் தானே கேட்டு வாங்கினார். கடற்கரைச் சாலை, மாலை நேரம், நல்ல கூட்டம். வண்டியை வேகமெடுக்க வைத்தவர், கியர் மாற்றுகிற பழக்கத்தில் இடது காலால் கிளட்ச்சை ஓங்கி மிதித்தார். அங்கே இருந்தது பிரேக். கார் ஆணி அடித்தாற்போல நின்றது. பின்சீட்டிலிருந்த பிஸ்கட் டப்பா முன்னால் பறந்து வந்து திறந்துகொண்டது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரனில் திட்டின.

போக்குவரத்துப் போலீஸ்காரர் விறுவிறுவென்று வந்து ஜன்னலில் குனிந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மாஸ்டர்! நான் உங்ககிட்ட கத்துக்கிட்டவன்தான்." உள்ளே எட்டிப் பார்த்தார். மாஸ்டர் மடியெல்லாம் பிஸ்கட். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புதுசா பழகுறீங்களா? ஒரு எல் போர்டு மாட்டிக்கங்க மாஸ்டர். தப்பா நினைக்காதீங்க" என்றார்.

அன்று மாஸ்டர் விடுதி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை நர்ஸம்மா அவரைத் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்துக்கு அழைத்துப்போனார்.

"இடது காலை மடிச்சு அது மேலயே உட்காருங்க."

"இப்படி எவனாவது வண்டி ஓட்டுவானா?"

"இதுல அதுக்கு வேலையே இல்லைங்க. சும்மா இருக்கச் சொல்லுங்க."

உட்கார்ந்தார். ஓட்டினார். ஐந்தாவது சுற்றில் மைதானத்து நாய்கள்கூட எழுந்து விலகுவதை நிறுத்திவிட்டன.

மூன்றாவது ஊரில்தான் சிக்கல். சார்ஜ் போடும் இயந்திரத்தை ஒரு சாக்குப்பையால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். அதன்மேல் பூனை ஒன்று சுகமாகத் தூங்கியது. அடுத்த இயந்திரம் நான்காவது ஊரில், இருபத்துநாலு கிலோமீட்டர் தள்ளி. காரின் திரை இன்னும் பத்தொன்பதுதான் ஓடுவேன் என்றது.

நர்ஸம்மா முதல்தடவையாகக் கலங்கினார். "ஏசியை நிறுத்திட்டு, ரொம்ப மெதுவா, ஒரே சீரா போனா எட்டிப் பிடிச்சிடலாமாம். எனக்குத்தான் அவ்வளவு மெதுவா ஓட்டப் பொறுமை வராதுங்க."

மாஸ்டர் நிமிர்ந்தார். இருபத்தேழு வருடம் மாட்டு வண்டி வேகத்தில் ஊரைச் சுற்றி வந்தவரிடமா இந்தப் பேச்சு!

"இப்படித் தள்ளி உட்காரு."

இடது காலை மடித்து, மணிக்கு இருபதில் வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் முந்திக்கொண்டு போய் டாட்டா காட்டினார்கள். பின்னால் சேர்ந்த வரிசை திருவிழாக் கூட்டமாக நீண்டது. அதிலிருந்து வந்த வசவெல்லாம் அவருக்குத் தாலாட்டு. வியர்வை மட்டும் முதுகில் ஆறாக ஓடியது. நர்ஸம்மா திரையையே பார்த்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

ஒரே ஒரு சதவீதம் மிச்சமிருக்கும்போது நான்காவது ஊரின் இயந்திரம் முன்னால் போய் நின்றார்கள். அது வேலை செய்தது. மாஸ்டர் வெற்றி வீரராகக் கதவைத் திறந்து இறங்கினார். மரத்துப்போன கால் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா ஓடிவந்து காலைப் பிடித்து நீவிவிட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா ஒண்ணு, பிரமாதமா ஓட்டினீங்க."

"நீயும் மோசமில்லை." இருபத்தேழு வருடத்தில் எந்த மாணவரும் அவரிடம் இவ்வளவு பெரிய பாராட்டு வாங்கியதில்லை. "சரி, அடுத்த ஊரு எது?"

"அவ்வளவுதாங்க. இனிமே வீட்டுக்குத்தான்."

மாஸ்டர் இடது காலை மெல்ல நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"சுத்து வழி ஏதாவது இருக்கான்னு பாரேன்" என்றார்.