ஊறவைத்த வர்க்கி

ஜெபிஷா மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது நன்றாக ஊறிக் குழையும்வரை காத்திருந்து வாயில் போட்டுக்கொள்வாள். கடிக்க முடியாது. பிள்ளை உண்டானதிலிருந்து ஈறு வீங்கி, பல் தேய்த்தாலே ரத்தம் வந்தது. மாசமாக இருந்தால் அப்படித்தான் என்று தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லோரும் சொன்னதால் தேய்ப்பதையே விட்டுவிட்டாள். தேயிலை விலை விழுந்து, வேலை பார்த்த ஃபேக்டரியை இழுத்து மூடியபின், அவள் புருஷன் பெனிஸ் கோத்தகிரியில் ஒரு பேக்கரியில் சேர்ந்திருந்தான். சாயங்காலம் வர்க்கிப் பொட்டலத்தோடு வந்து, சர்க்கரை தூக்கலாகத் தேநீர் போட்டுக் கொடுத்து, அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். போன வருஷம் எட்டாம் மாதத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன். இதையாவது உயிரோடு கையில் வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை, பாவம்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார்கள். வர்க்கியும் இனிப்பும் அன்றே நின்றன. கீரையையும் பயறையும் குழைய வேகவைத்து விழுங்கினாள். அப்படியும் சர்க்கரை இறங்குவேனா என்றது. டாக்டரம்மா அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஈறு இப்படிப் புண்ணாக் கெடந்தா சர்க்கரை அடங்கறது கஷ்டம்மா. சர்க்கரை அடங்கலைன்னா ஈறும் சீக்கிரம் ஆறாது. பல் டாக்டர்கிட்டப் போய் சுத்தம் பண்ணிக்க. இப்பப் பண்ணலாம், பயமில்ல."

பெனிஸின் முகம் செத்துவிட்டது. வெளியே வந்ததும், "மாசமா இருக்கறப்ப பல்லுல கை வெக்கக் கூடாதும்பாங்க ஜெபி. பொறந்தப்பறம் பாத்துக்கலாம்" என்றான்.

அவளுக்கும் பயம்தான். ஆனால் போன பிள்ளை எதனால் போனது என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தெரியாமையோடு இன்னொரு தடவை வீடு திரும்ப அவளால் ஆகாது.

"ஏனுங்க, போன தடவ ஒண்ணும் பண்ணாமத்தானுங்க இருந்தோம். இப்ப நான் போறேன். நீங்களும் வந்தாத் தைரியமா இருக்கும்."

மறுநாள் பெனிஸ் பேக்கரிக்கு லீவு சொன்னான். பல் டாக்டரின் நாற்காலியில் அவள் சாய்ந்தபோது, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றான். தள்ளி நிற்கச் சொல்லியும் எடுக்கவில்லை.

சில வாரம் கழித்து, மறுபடி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கப் போகும் வழியில், ரோட்டோரம் சந்தைக்குக் காரட் கழுவுகிறவர்களிடம் பெனிஸ் ஒன்று கேட்டு வாங்கினான். அவள் தயங்கித் தயங்கிக் கடித்தாள். நறுக்கென்றது. அவன் மிச்சத்தை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல் பதிந்த இடத்தில், ஒரே ஓரத்தில் மட்டும், இழையாகக் கொஞ்சம் ரத்தம்.

அந்த இடத்திலேயே தானும் ஒரு கடி கடித்துவிட்டு அவளிடம் நீட்டினான். கோத்தகிரி பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. ஜெபிஷா மென்றுகொண்டே கையைக் காட்டினாள்.